தாத்தாவின் ஓட்டும் பேரனின் பல்லும்

தமிழ்நாட்டிலேயே ஓட்டுப் போடுவதில் முதல் ராங்க் வாங்கும் தொகுதி எது தெரியுமா? சென்னையா... ஊஹூம்! கோவையா... சான்ஸே இல்லை! சாட்சாத் எங்கள் தர்மபுரிதான்!

2014, 2019, 2024 என்று மூன்று லோக்சபா தேர்தல்களிலும் மாநிலத்திலேயே அதிக வாக்குப்பதிவு எங்களுடையது. 2024-ல் 81 சதவீதம். அதே நாளில் மத்திய சென்னை மூச்சு வாங்கி மூச்சு வாங்கி 54 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. 2011 சென்சஸில் எழுத்தறிவுக் கணக்கில் தமிழ்நாட்டிலேயே கடைசி பெஞ்ச் எங்கள் மாவட்டம். ஓட்டில் மட்டும் முதல் பெஞ்ச்!

பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் இளவட்டங்களில் பாதிப்பேர் ஊரிலேயே இல்லையே சார்! பெங்களூர், ஓசூர், திருப்பூர் என்று பிழைக்கப் போய்விட்டோம். அடியேனும் பெங்களூரில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டும் ஆசாமிதான். தேர்தலுக்குத் தேர்தல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் மை வைத்துக்கொண்டு திரும்புகிறோம். விரலில் மை ஏறுகிறது. டெல்லியில் எங்கள் குரல் ஏறுகிறதா? அதுதான் கேள்வி.

பல்லில் எழுதிய ஜாதகம்

தர்மபுரிக்காரனைக் கண்டுபிடிக்க ரேஷன் கார்டு வேண்டாம், சிரிக்கச் சொன்னால் போதும் என்று ஒரு காலத்தில் கிண்டல் செய்வார்கள். பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. பாக்கு, புகையிலை எல்லாம் இல்லை. எல்லாம் போர்வெல் தண்ணீர் செய்த வேலை. பாறைக்கு அடியிலிருந்து வரும் அந்தத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க லாயக்கில்லை என்பது கணக்கு. எங்கள் பக்கம் பல கிராமங்களில் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் இருந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முப்பது வயசில் வந்து இந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குப் பல் கறையாகாது. மூட்டு, முதுகெலும்பு என்று வேறு தொல்லைகள் வரலாம். பல் கறை வருவதோ, ஈறுக்குள் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயசில் குடித்தவர்களுக்கு மட்டும்தான். பிறந்ததிலிருந்து எட்டு வயசு வரைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது, ஓட்டுப் போடவே முடியாத வயசில்!

இதற்கு மருந்தாக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். காவிரித் தண்ணீரைச் சுத்தம் செய்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவருவது. 2008-ல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். 2013 மே மாதம் ஜெயலலிதா திறந்துவைத்தார். செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். பெரும்பகுதி ஜப்பானிடம் வாங்கிய நீண்ட காலக் கடன்.

2024-ல் முதல் ஓட்டுப் போட்ட 18 வயசுப் பையனுக்கு, அந்தக் குழாய் திறந்தபோது ஏழு வயசு. அவன் பல் விஷயம் அதற்குள் ஏறக்குறைய முடிந்துபோன கதை! அவன் தாத்தாவும் அப்பாவும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் எடுத்த முடிவும், எடுக்காமல் தள்ளிப்போட்ட முடிவும் சேர்ந்து பேரன் பல்லில் எழுதிவிட்டன. அழிரப்பர் கிடையாது.

தலைமுறை நியாயம், தலைமுறை நியாயம் என்று பெரிய பெரிய மேடைகளில் பேசுகிறார்களே... அது வேறு ஒன்றுமில்லை. இந்தப் பல்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ஜப்பான் கடனை அடைக்கப்போவதும் வளர்ந்து வரி கட்டப்போகும் இதே பிள்ளைகள்தான். ஆனால் அதைக் குறை சொல்லமாட்டேன். நல்ல தண்ணீரைக் குடிக்கப்போவது அவர்கள், கடனைக் கட்டப்போவதும் அவர்கள். நியாயமான கணக்கு. கடன் வாங்கி நாம் விருந்து சாப்பிட்டுவிட்டு, பில்லை மட்டும் பேரன் பாக்கெட்டில் சொருகினால்தான் அநியாயம்!

கொள்ளுத்தாத்தா ஏறிய ரயில்

மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு குட்டி ரயில் ஓடியது. 1906-ல் ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1941-ல் நிறுத்திவிட்டார்கள். தூரம் சுமார் 36 கிலோமீட்டர்தான். இந்தப் பாதை திரும்ப வந்தால் தர்மபுரியிலிருந்து சென்னைக்குப் போகும் ஜனங்கள் சேலத்தைச் சுற்ற வேண்டாம், மொரப்பூருக்கு பஸ் பிடித்து ஓட வேண்டாம்.

சுதந்திரம் வந்தது, தேர்தல் வந்தது, ஒவ்வொரு தேர்தலிலும் இந்த ரயில் பேச்சும் வந்தது. 2019 மார்ச்சில், லோக்சபா தேர்தலுக்குச் சற்று முன்னால், அடிக்கல்லும் வந்தது! 2024 தேர்தலும் வந்துபோனது. ரயில் மட்டும் வரவில்லை.

கொள்ளுத்தாத்தா ஏறி உட்கார்ந்த ரயிலில் கொள்ளுப்பேரனால் ஏற முடியவில்லை என்றால், நாட்டில் எல்லாம் முன்னேறுகிறது என்ற பாடத்தை எந்த வகுப்பில் நடத்துவது?

இது ஒரு கட்சியின் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஐந்து வருஷத்தில் அறுவடை ஆகாத பயிரை எந்த அரசியல்வாதியும் ஆசையாக நடுவதில்லை. பத்து வருஷம் கழித்துத் தண்ணீர் வந்தால் ரிப்பன் வெட்டப் போவது யாரோ! இன்றைக்கே கையில் கொடுப்பதற்கு இன்றைக்கே கைதட்டல். நாளைக்குத் தட்டப்போகும் கைகளில் இன்றைக்கு மை இல்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

21 போய் 18 வந்தது

1988 வரை நம் நாட்டில் 21 வயசு ஆனால்தான் ஓட்டு. ராஜீவ் காந்தி அரசு 61-வது அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து 18 ஆக்கியது. 1989 மார்ச் 28-ல் அமலுக்கு வந்தது. அதே வருஷம் நவம்பரில் லோக்சபா தேர்தல். 1984-ல் 400 இடங்களுக்கு மேல் ஜெயித்திருந்த காங்கிரஸ், 197-க்கு இறங்கியது. பையன்களுக்கு ஓட்டைக் கொடுத்தவருக்கே ஆட்சி போனது! அந்தத் தோல்விக்குப் பையன்கள்தான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் ஓட்டுக் கொடுத்ததற்கு நன்றிக்கடனாக யாரும் ஓட்டுப் போடுவதில்லை என்பது மட்டும் அன்றைக்கே தெரிந்துபோனது.

சரி, கிடைத்த உரிமையை நாம் என்ன செய்தோம்? 2024 தேர்தலின்போது வாக்காளர் பட்டியலில் மொத்தம் சுமார் 97 கோடி பேர். அதில் 18, 19 வயசுக்காரர்கள் 1.8 கோடி பேர்தான். அந்த வயசில் நாட்டில் இருப்பவர்களில் இது பாதிகூட இல்லை! 85 வயசைத் தாண்டிய தாத்தா பாட்டிகள் 82 லட்சம் பேர் கரெக்டாக லிஸ்ட்டில் இருக்கிறார்கள். பேரன்தான் காணோம். பேரன் எங்கே? காலேஜ் ஹாஸ்டலில், திருப்பூர் பனியன் கம்பெனியில், பெங்களூர் கட்டட வேலையில்.

85-க்கு வீட்டில் ஓட்டு, 20-க்கு பஸ்ஸில் சீட்டு

2024-ல் 85 வயசு ஆனவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அருமையான ஏற்பாடு, கையெடுத்துக் கும்பிடலாம். ராணுவத்தில் இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டு. முன்னெச்சரிக்கையாகப் பிடித்து உள்ளே வைத்திருக்கும் ஆசாமிகளுக்குக்கூடத் தபால் ஓட்டு உண்டு! பெங்களூரில் செங்கல் தூக்கும் பாலக்கோட்டுப் பையனுக்கு மட்டும் கிடையாது. அவன் வரிசையில் வந்து நிற்கவேண்டும்.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு. பெங்களூரில் அடுத்த வெள்ளி, 26-ம் தேதி. ஆக, நமக்குத் தேர்தல் நாள். முதலாளிக்கு வேலை நாள்! சில்க் போர்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பஸ்ஸுக்கு நின்று, ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி சுமார் 130 கிலோமீட்டர் போய்ச் சேரவேண்டும். தினக்கூலிக்காரருக்குப் போக வர பஸ் சார்ஜும் போச்சு, ஒரு நாள் கூலியும் போச்சு. ஓட்டு இலவசம் என்று யார் சொன்னது?

"அங்கேயே பெயரைச் சேர்த்துக்க வேண்டியதுதானே தம்பி?" என்று நீங்கள் கேட்கலாம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: சாதாரணமாக எங்கே வசிக்கிறாயோ, அங்கே பெயரைச் சேர். ஆனால் கூலி வேலைக்காரன் ஆறு மாசம் ஓசூர், ஆறு மாசம் பெங்களூர், நடுவில் மாம்பழ சீசனுக்கு ஊர். அவன் சாதாரணமாக எங்கேதான் வசிக்கிறான்? அம்மா குடிக்கும் தண்ணீர், தங்கச்சி போகும் ஸ்கூல் எல்லாம் தர்மபுரியில் இருக்கும்போது ஓட்டை மட்டும் ஒயிட்ஃபீல்டில் போட அவனுக்கு மனசு வருமா? 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் ஆரம்பித்து வீடு வீடாகப் படிவம் கொடுத்தபோது, வெளியூரில் இருந்தவர்கள் எல்லாரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் ஊருக்கு போன் போட்டார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் எலெக்‌ஷன் கமிஷன் ஒரு மிஷின் மாதிரியை அறிவித்தது. வேலை பார்க்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடலாம். ஒரே பூத்தில் 72 தொகுதிகள் வரை சமாளிக்கும் என்றார்கள். 2019 தேர்தலில் 30 கோடிப் பேர் ஓட்டுப் போடவில்லை என்பதையும் அப்போது கமிஷனே சொன்னது. 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டார்கள். வெளிமாநிலத்தில் யார் நமக்கு பூத் ஏஜென்ட், யார் பிரசாரம் செய்வது, மிஷினை எப்படி நம்புவது என்று கட்சிகள் சந்தேகம் கிளப்பின. நியாயமான சந்தேகங்கள்தான். ஆனால் சந்தேகத்தைத் தீர்ப்பதற்குப் பதில், விஷயத்தையே தீர்த்துவிட்டார்கள். 2024 தேர்தல் பழைய மாதிரியே நடந்தது.

எங்கள் தொகுதியில் 2024-ல் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் வித்தியாசம் 21,300 ஓட்டு. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதல்ல இங்கே பேச்சு. ஒரு பஸ்ஸுக்கு 55 பேர் என்று கணக்குப் போட்டால் 390 பஸ்ஸுக்குள் அடங்கும் வித்தியாசம் அது. வராமல் நின்ற பஸ்கள் எத்தனையோ!

பக்கத்து நாற்காலிக்குப் பென்ஷன் உண்டு

ஆபீஸ் வாசகர்களுக்குச் சட்டென்று புரியும் உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2004 ஜனவரி 1-க்கு முன்னால் மத்திய அரசு வேலையில் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன். மறுநாள் சேர்ந்தவருக்கு, சம்பளத்தில் பிடித்துப் பங்குச் சந்தை பக்கம் அனுப்பும் புதுப் பென்ஷன். தமிழக அரசில் அந்தக் கோடு 2003 ஏப்ரல் 1. ஒரே ஆபீஸ், ஒரே ஃபைல், ஒரே ஃபேனுக்கு அடியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருத்தருக்கு ரிட்டயர் ஆன பின்பும் நிம்மதி, இன்னொருத்தருக்கு மார்க்கெட் விட்ட வழி!

அந்த முடிவை எடுத்தபோது, அதனால் பாதிக்கப்படப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்கூலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்க ஆளில்லை. வளர்ந்து, வேலையில் சேர்ந்து, சங்கம் கட்டி, பழைய பென்ஷனே வேண்டும் என்று மாநிலத்துக்கு மாநிலம் தேர்தல் பேச்சாக்கினார்கள். 2024 ஆகஸ்டில்தான் மத்திய அரசு, 25 வருஷம் வேலை பார்த்தால் சம்பளத்தில் பாதி பென்ஷன் என்று ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 ஏப்ரலில் அமல். இருபது வருஷம் ஆகியிருக்கிறது!

(எம்.பி.க்கு என்ன பென்ஷன் என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு தடவை எம்.பி.யாக இருந்தாலே உண்டு. அந்த விஷயத்தில் தலைமுறை பேதம் கிடையாது!)

56 வயசு சபை

2024-ல் அமைந்த லோக்சபாவின் சராசரி வயசு 56. 1952-ல் அமைந்த முதல் லோக்சபாவில் 46 சொச்சம். நாட்டு ஜனங்களில் பாதிப்பேர் முப்பதைத் தொடாதவர்கள். சபையோ ரிட்டயர்மென்ட்டை நெருங்கும் சபை! 18 வயசில் ஓட்டுப் போடலாம், ஆனால் 25 ஆகாமல் லோக்சபாவுக்கு நிற்க முடியாது. இதையும் 18 ஆக்கலாம் என்று ஒரு நாடாளுமன்ற நிலைக்குழு 2023 ஆகஸ்டில் சிபாரிசு செய்தது. எலெக்‌ஷன் கமிஷன் சம்மதிக்கவில்லை. இருக்கட்டும். 2024-ல் வடக்கே 25 வயசுக்காரர்கள் நாலு பேர் ஜெயித்துக் காட்டினார்கள். பூஜ்யத்துக்கு நாலு மேல்!

நமக்குத் தண்ணீருக்குக் கடன் கொடுத்த ஜப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிழவர்கள் கூட்டம் ஜாஸ்தி, பையன்கள் குறைவு. வெள்ளி முடிக்காரர்களின் ஓட்டுக்குத்தான் கட்சிகள் வளைகின்றன என்று 'வெள்ளி ஜனநாயகம்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 2016-ல் ஓட்டு வயசை 20-லிருந்து 18 ஆக்கினார்கள். ஆஸ்திரியா 2007-லேயே 16-க்கு இறங்கிவிட்டது. பால் டெமெனி என்ற மக்கள்தொகை அறிஞர் 1986-ல் இன்னும் ஒருபடி மேலே போனார்: குழந்தைகளுக்கும் ஓட்டு, அதைப் பெற்றவர்கள் போடட்டும் என்றார்!

இதை எங்கள் ஊர் டீக்கடையில் சொன்னேன். பெரியவர் ஒருத்தர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா, பொண்டாட்டி ஓட்டையே இவனுங்க சொல்ற சின்னத்துல போடச் சொல்லி மிரட்றானுங்க. இதுல புள்ளைங்க ஓட்டையும் கையில குடுத்தா, கூட ஒரு ஆயிரம் ரூவா வாங்கிக்குவானுங்க. வேற ஒண்ணும் நடக்காது!"

டெமெனி நம் ஊர் டீக்கடைக்கு வந்திருந்தால் தியரியைத் திருத்தி எழுதியிருப்பார்.

பிறகு அவரே சொன்னார்: "எங்களை ஏன்ப்பா திட்றீங்க? கெழவனுக்கு மட்டும் என்ன வாரியா குடுத்துட்டாங்க?"

நியாயமான கேள்வி சார். 60-லிருந்து 79 வயசு வரை உள்ள ஏழை முதியவருக்கு மத்திய அரசின் பென்ஷன் பங்கு மாசம் 200 ரூபாய். 2007-லிருந்து அதே 200! மீதியை மாநிலம் போட்டுத்தான் தமிழ்நாட்டில் 1,200 ரூபாய் ஆகிறது. ஆகவே இது கிழவர்கள் கட்சிக்கும் குமரர்கள் கட்சிக்கும் நடக்கும் கபடி மேட்ச் இல்லை. தாத்தாவுக்கு நியாயம் செய்யாத சபை பேரனுக்கும் செய்யாது. இரண்டு பேரும் ஒரே பக்கம்தான். எதிர்ப்பக்கம் நிற்பது, 'அடுத்த தேர்தல் வரைக்கும் ஓடினால் போதும்' என்கிற நினைப்பு.

ஆளுக்கு நாலு வேலை

2029-ல் அடுத்த லோக்சபா தேர்தல் வரவேண்டும். 2024-ல் 13 வயசு முடிந்த பொடியன்கள் எல்லாம் அப்போது வாக்காளர்கள். அதற்குள் செய்யவேண்டிய வேலைகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: தம்பி தங்கைக்கு 17 முடிந்துவிட்டால் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். முன்பெல்லாம் ஜனவரி 1-ல் 18 முடிந்திருந்தால்தான் பெயர் ஏறும். ஜனவரி 2-ல் பிறந்தவனுக்கு ஒரு வருஷம் அம்போ! 2022-லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருஷத்தில் நாலு தேதிகள்.

இரண்டு: ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு கொடுக்கவேண்டும் என்பது சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135-பி பிரிவு. தினக்கூலிக்காரருக்கும் உண்டு. மேனேஜர் முறைத்தால் பணிவாகப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். மீறினால் அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய்தான் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

மூன்று: ஊரில் லிஸ்ட் ஒட்டும்போதும், திருத்த முகாம் நடக்கும்போதும் வீட்டில் ஒருத்தரை அனுப்பி உங்கள் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்தல் அன்றைக்கு பூத்தில் போய்த் தேடுவது, ரயில் போன பிறகு டிக்கெட் எடுப்பது மாதிரி.

நாலு: ஓட்டுக் கேட்டு வருபவரிடம் "எனக்கு என்ன தருவீங்க?" என்று கேட்கவேண்டாம். "இப்ப ரெண்டாவது படிக்கிற என் பொண்ணு ஓட்டுப் போடற வயசுக்கு வர்றப்ப, இந்த ஊர்ல என்ன இருக்கும்?" என்று கேளுங்கள். தண்ணீரா, ரயிலா, ஊரிலேயே ஒரு வேலையா... எந்த வருஷம், எவ்வளவு பணம், யார் பொறுப்பு? பதிலை நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். அடுத்த தடவை அவர் வரும்போது அந்த நோட்டை அந்தப் பொண்ணு கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் அதிகம் ஓட்டுப் போடும் தொகுதி என்ற பெயரை வாங்கிவிட்டோம். அதிகம் கேள்வி கேட்கும் தொகுதி என்ற பெயர் பாக்கி. அதற்கு மை தேவையில்லை, வயசு வரம்பும் கிடையாது!